முதல் வால்வுக்கு ஒரு வளையம்

மாடியே இல்லாத அந்த வீட்டின் மாடியில் ஒரு தாயும் ஒரு பிள்ளையும் குடியிருக்கிறார்கள் என்பது, லிஃப்ட் மெக்கானிக் தன் ஆம்ப்ளிஃபையரில் முதல் வால்வை மாற்றிய அன்றைக்குத்தான் தெரியவந்தது. ஞாயிற்றுக்கிழமை, காலைச் சாப்பாடு முடிந்திருந்த நேரம். அவர் இன்னும் பாட்டுத் தட்டு எதையும் வைக்கவில்லை. பல்பு போன்ற அந்த வால்வு சூடேறி, கண்ணாடிக்குள் சிவப்பாகக் கண் விழித்ததும், ஸ்பீக்கரில் யாரோ தலைக்கு மேலே நடந்தார்கள். வலது கால் அழுத்தமாகவும் இடது கால் இழுபட்டும் விழுகிற நடை. பின்னாலேயே குடுகுடுவென்று ஒரு குழந்தை ஓடியது. மெக்கானிக் அண்ணாந்து பார்த்தார். மேலே சரிந்த ஓட்டுக்கூரை. ஒரு பூனைகூட அதில் நிம்மதியாக நிற்க முடியாது.

அவர் மனைவியைத் தெருவில் பல்செட்காரி என்பார்கள். பல் டாக்டர்கள் எடுத்து அனுப்புகிற அச்சுகளை வைத்துப் பல்செட் செய்து கொடுப்பது அவள் தொழில்; முன்னறையில் ஜன்னலோரம் அவளுடைய வேலை மேஜை. அதே வீட்டில் மெக்கானிக்கின் தங்கையும் இருந்தாள். கல்யாணம் வேண்டாம் என்று இருபது வயதிலேயே சொல்லி, அதற்கு மேல் யாரையும் அந்தப் பேச்சை எடுக்கவிடாதவள். இரும்புக் கிடங்கு ஒன்றில் லாரிகளை எடைபோடும் மேடையில் அவளுக்கு உத்தியோகம். லாரி ஏறும்போது மேடை அதிர்கிற அதிர்விலேயே எத்தனை டன் என்று சொல்லிவிடுவாள், முள் நிற்பதற்குள். அன்று அவள் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "அம்மாக்காரி ஐம்பத்தஞ்சு கிலோ இருப்பா, அண்ணி. பிள்ளை பதினாலுதான். சரியா சாப்பிடாதுபோல," என்றாள். மூவரில் முதலில் அதை நம்பியது அவள்தான் என்று சொல்லவேண்டும்.

மெக்கானிக்குக் கோபம்தான் வந்தது. நாள் பூராவும் லிஃப்ட் கிணறுகளுக்குள் கம்பி முனகுவதையும் சங்கிலி உரசுவதையும் கேட்டுவிட்டு வருகிற மனிதர் அவர். வீட்டுக்கு வந்தால் சுத்தமான சத்தம் கேட்கவேண்டும் என்பதற்காகவே அந்த ஆம்ப்ளிஃபையரை ஒவ்வொரு ஒயராகப் பற்றவைத்துத் தானே கட்டியிருந்தார். வால்வுக்குள்ளே மயிர்போன்ற கம்பிகள் நிற்கின்றன, அவை நடுங்கினால் அந்த நடுக்கம் பாட்டோடு கலந்துவிடும், அதிலும் முதல் வால்வு முணுமுணுத்தால் பின்னால் இருக்கிற வால்வுகள் அதை ஊருக்கே சொல்லிவிடும் என்று விளக்கினார். இதற்கு மருந்து வால்வின் இடுப்பில் ஒரு ரப்பர் வளையம் மாட்டுவது. லிஃப்ட் கதவுக்குப் போடுகிற வளையம் ஒன்றைக் கொண்டுவந்து மாட்டினார். அது இளகி, வீடு முழுக்கத் தீய்ந்த வாடை அடித்தது. அதைப் பார்த்துவிட்டுப் பல்செட்காரி, சூடு தாங்குகிற தன் சிலிக்கோன் பசையைக் குழைத்து, பழைய வால்வு ஒன்றைச் சுற்றி அச்சு எடுத்து, விரல் தடிமனில் ஒரு வளையம் வார்த்துக் கொடுத்தாள். பல் ஈறின் நிறம் அதற்கு. மாட்டிய மாத்திரத்தில் மேலே நடமாட்டம் நின்றது. பாட்டு கண்ணாடி மாதிரித் தெளிவாக வந்தது.

அப்புறம் அது ஒரு வழக்கமாகிவிட்டது. மெக்கானிக் பாட்டு கேட்கும்போது வளையம் ஏறும். அவர் வேலைக்குப் போனதும் பல்செட்காரி அதைக் கழற்றிவிடுவாள். அவர்களுடைய ஒரே மகன் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போய்விட்டிருந்தான். பகலில் வீடு வெறிச்சென்று இருக்கும். மெழுகில் பல்லை நட்டு, மெழுகுக் கத்தியால் ஈறைச் சீவிக்கொண்டே மேல்வீட்டுச் சத்தங்களைக் கேட்பாள். பேச்சு எதுவும் புரியாது. கதவுக்கு அந்தப்பக்கம் பேசுவதுபோல ஒரு ரீங்காரம், அவ்வளவுதான். ஆனால் பாத்திரம் வைக்கிற சத்தமும் பாய் உதறுகிற சத்தமும் அப்படியே வரும். எந்த வேளைக்கு அந்தக் குழந்தை தூங்கும், எந்த வேளைக்கு அடம்பிடித்துக் காலைத் தரையில் உதைக்கும் என்று அவளுக்கு அத்துப்படியானது. ஒன்று மட்டும் அவளை உறுத்தியது. மேல்வீட்டுக்காரி தினமும் ஒருமுறை சமையலறைப் பக்கமாக நடந்துபோவாள். அங்கே படி இறங்குகிற சத்தம் கேட்கும். ஒவ்வொரு படியாக, சுவரைப் பிடித்துக்கொண்டு, கால் இழுபட இறங்குவாள். பாதியில் நிற்பாள். கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது. அப்புறம் திரும்பி ஏறிவிடுவாள். பல்செட்காரி எழுந்துபோய்ச் சமையலறையைப் பார்ப்பாள். சத்தம் நின்ற இடத்தில், தலைக்குச் சற்று மேலே, வெறும் காற்று.

"படி பாதிதான் இருக்குபோல," என்றாள் நாத்தனாரிடம்.

"அப்போ அவங்க வெளிய எப்படிப் போறாங்க?"

"போறதில்ல."

மெக்கானிக் புதுக் கட்டடம் ஒன்றுக்கு லிஃப்ட் போட வெளியூர் போகவேண்டி வந்தது. கிளம்புகிற நாளில், பெட்டியைக் கட்டி வைத்துவிட்டு ஒரு பாட்டு கேட்கலாம் என்று வளையத்தைக் கையில் எடுத்தார். அந்த நேரம் பார்த்து மேலே யாரோ ஒரு பாத்திர மூடியைக் கீழே போட்டார்கள். அது விர்ரென்று வட்டமாகச் சுற்ற ஆரம்பித்தது. அவர் எரிச்சலோடு வளையத்தை மாட்டினார். பாட்டைக் கேட்டு முடித்து, சுவிட்சை அணைத்து, ஆம்ப்ளிஃபையரைப் போர்வையால் மூடி, நான் வரும்வரை யாரும் தொடவேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். வேலை இழுத்துக்கொண்டே போனது. மாமரம் ஒருமுறை காய்த்து ஓய்ந்த பிறகுதான் ஊர் திரும்பினார். குளித்துவிட்டு, போர்வையை எடுத்து, சுவிட்சைப் போட்டு, வால்வு சூடானதும் வளையத்தைத் துடைக்கலாம் என்று கழற்றினார். ஸ்பீக்கரில் ஒரு பாத்திர மூடி விர்ரென்று சுற்றி, வேகம் குறைந்து, தடதடத்துப் படுத்தது. அதன் பிறகு குழந்தை சிரித்தது.

பல்செட்காரி கையிலிருந்த அச்சுத் தட்டைக் கீழே வைத்தாள். "இத்தனை மாசமும் அவங்க அப்படியே நின்னுட்டு இருந்தாங்களா?"

"அதெல்லாம் இல்ல. வளையம் சத்தத்தைத்தான் நிறுத்தும்," என்றார் மெக்கானிக்.

"நடுக்கத்தை நிறுத்தும்னு நீங்கதானே சொன்னீங்க?"

சோதித்துப் பார்த்தார்கள். மேல்வீட்டுக்காரி குடத்திலிருந்து தண்ணீர் ஊற்றும்போது வளையத்தை மாட்டி, கடைக்குப் போய்வந்து எடுத்தார்கள். தண்ணீர் விட்ட இடத்திலிருந்து விழுந்தது. குழந்தை குதிக்கும்போது மாட்டி, ஒரு வாரம் விட்டு எடுத்தார்கள். குதித்த கால் தரையில் பட்டது. அந்த ஒரு வாரமும் பல்செட்காரிக்குச் சோறு இறங்கவில்லை. அன்றோடு வளையம் டப்பாவுக்குள் போனது. அதைத் தொட்டால் நடக்கிறதே வேறு என்று அவள் கணவரிடம் சொல்லிவிட்டாள். அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, காலடிச் சத்தத்தோடு சேர்த்தே பாட்டு கேட்கப் பழகினார். தாளம் கெடுகிறது என்று குறைபட்டுக்கொள்வார். ஆனால் அந்தப் பிள்ளை சில நாள் பாட்டுக்குத் தகுந்தபடி குதிக்கிறது என்பதை அவரே ஒருநாள் கண்டுபிடித்து, அதைச் சொல்வதற்காக மனைவியையும் தங்கையையும் கூப்பிட்டார்.

அது நடந்தது ஒரு மத்தியானம். மெக்கானிக்கின் சிநேகிதர் ஒருவர் தனக்கும் வளையம் வேண்டும் என்று கேட்டிருந்ததால், பல்செட்காரி புதிதாக வார்த்த ஒன்றின் பிசிறை மேஜையில் வெட்டிக்கொண்டிருந்தாள். ஆம்ப்ளிஃபையர் ஓடிக்கொண்டிருந்தது. மேலே தாய் எதையோ இடித்துக்கொண்டிருந்தாள். குழந்தை ஓடியது. ஓடுகிற திசை அவளுக்குத் தெரிந்துவிட்டது. சமையலறைப் பக்கம். முதல் படி, இரண்டாம் படி, அப்புறம் வேகவேகமாகப் படிகள். இடிப்பது நின்றது. இழுபடுகிற கால் அவ்வளவு வேகமாக ஓடி அவள் கேட்டதே இல்லை. சின்ன உள்ளங்கை ஒன்று சுவரில் பட்டு வழுக்கியது. அடுத்த காலடி விழவேண்டிய இடத்தில் விழவில்லை. தாயின் குரல் ஒரு ரீங்காரமாகக் கிளம்பியபோது பல்செட்காரி மேஜையைத் தள்ளிக்கொண்டு போய்க் கையிலிருந்த வளையத்தை வால்வில் அழுத்திச் சொருகினாள். விரல்கள் கொப்பளித்துவிட்டன. ஸ்பீக்கரில் வெறும் இரைச்சல்.

நாத்தனார் வேலை முடிந்து வந்தபோது அண்ணி ஆம்ப்ளிஃபையருக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தாள், கையை ஒரு கிண்ணத்துத் தண்ணீரில் விட்டபடி. நடந்ததைக் கேட்டுவிட்டு அவள் சமையலறை வாசலில் நின்று மேலே பார்த்தாள். உள்ளே போகவில்லை. அன்று வெளியிலிருந்து வாங்கிவந்து சாப்பிட்டார்கள்.

ஆம்ப்ளிஃபையரை அணைக்க யாருக்கும் தைரியம் வரவில்லை. அணைத்தால் ஒன்றும் ஆகாது என்று முன்பே பார்த்திருந்தார்கள்தான். ஆனால் முன்பு மேலே இருந்தது ஒரு பாத்திர மூடி. மின்சாரம் போனாலும் நிற்காதபடி மெக்கானிக் லிஃப்ட்டில் அவசரத்துக்கு வைக்கிற பேட்டரி ஒன்றை இணைத்தார். வால்வுக்கும் ஆயுசு உண்டு, இப்படி விடாமல் எரிந்தால் சீக்கிரமே தீர்ந்துபோகும் என்று அவர் சொன்னபோது, தீர்ந்துபோனால் என்ன ஆகும் என்று தங்கை கேட்டாள். தெரியாது என்றார். பல்செட்காரி காலையில் எழுந்ததும் வால்வில் சிவப்பு இருக்கிறதா என்று பார்ப்பாள். வளையத்தை நகத்தால் தொட்டுப் பார்ப்பாள். சூட்டில் அது நாளுக்கு நாள் இறுகிக்கொண்டு வந்தது.

சமையலறையில் மெதுவாக நடந்தார்கள், மெதுவாகப் பேசினார்கள். ஒருநாள் சோற்றுப் பானையை இறக்கிச் சுவரோரம் வைத்தபோது, மேலே போன ஆவி ஓரிடத்தில் தட்டி இரண்டாகப் பிரிந்து போவதைப் பல்செட்காரி பார்த்தாள். பிரிந்த இடம் ஒரு சின்ன உள்ளங்கால் அளவுக்கு இருந்தது. கையை உயர்த்தித் தொட்டாள். கைக்கு ஒன்றும் அகப்படவில்லை. ஆவி மட்டும் விலகி விலகிப் போனது. மறுநாள் அடுப்பை வேறு மூலைக்கு மாற்றினார்கள்.

முதலில் அந்த இடத்துக்கு நேர் கீழே மெத்தைகளை அடுக்கினார்கள். வீட்டில் இருந்த மூன்றையும் போட்டு, மேலே தலையணைகளைப் பரப்பினார்கள். மெக்கானிக் வளையத்தில் கை வைத்தார். "இருங்க," என்றாள் பல்செட்காரி. "இதுவரைக்கும் அவங்க நம்ம தரையில ஒரு தடவையாவது கால் வெச்சிருக்காங்களா?"

மேல்வீட்டுக்காரி தினமும் பாதிப் படியில் நின்று எதைப் பார்த்தாள் என்பது அப்போதுதான் மூவருக்கும் ஒன்றாகப் புரிந்தது. அவளுடைய படிக்குக் கீழே தரை என்ற ஒன்று இருந்தால் அவள் எப்போதோ இறங்கியிருப்பாள். மெக்கானிக் கையை எடுத்துவிட்டார்.

கொத்தனார் வந்தார். சமையலறைச் சுவரோரம் படி கட்டவேண்டும் என்றதும் அண்ணாந்து ஓட்டைப் பார்த்தார்.

"படி எங்கம்மா போகுது?"

"மாடிக்கு."

"மாடி எங்க இருக்கு?"

"மாடி இருக்கு. படியில கீழ்ப்பாதிதான் இல்ல. அதை மட்டும் கட்டுங்க."

கொத்தனார் மெக்கானிக்கைப் பார்த்தார். மெக்கானிக் தலையசைத்தார். கிறுக்குப் பிடித்த வீட்டிலும் சிமெண்ட் சிமெண்ட்தான் என்று கொத்தனார் வேலையைத் தொடங்கினார். எத்தனை உயரத்துக்கு ஒரு படி என்று பல்செட்காரி கையால் காட்டினாள். மேலே உள்ள படிகள் என்ன இடைவெளியில் ஒலிக்கும் என்பது அவள் காதுக்குப் பாடமாகியிருந்தது. பல்வரிசையில் மேல்தாடையைப் பார்த்துக் கீழ்த்தாடையை அமைப்பதைப்போல அவள் மீதியைச் சொல்லச் சொல்ல அவர் கட்டினார். தெருவில் விஷயம் பரவி, ஆட்கள் வந்து எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்கள். கடைசிப் படியைப் பூசும்போது கொத்தனாரின் கரண்டி ஒரு இடத்தில் முட்டி நின்றது. எதிரே காற்றுதான் இருந்தது. இன்னொரு முறை தள்ளிப் பார்த்தார். சிமெண்ட் அந்தக் காற்றின் மேல் ஒட்டி, நேர்கோடாக நின்றது. அவர் விளிம்பை வழித்துவிட்டுத் தளவாடங்களைக் கழுவினார். போகும்போது, நன்றாகக் காயவிடுங்கள், பாரம் தாங்கவேண்டுமல்லவா என்று மட்டும் சொன்னார்.

படி காய்வதற்குள் வால்வின் சிவப்பு மங்க ஆரம்பித்துவிட்டது. கொத்தனார் சொன்ன கெடு முடியக் காத்திருக்காமல் ஒரு காலையில் மூவரும் தயாரானார்கள். பல்செட்காரி கடைசிப் படியில் ஏறி, ஆவி பிரிந்த இடத்துக்கு நேரே கைகளை ஏந்திக்கொண்டு நின்றாள். ஒரு படி கீழே நாத்தனார் அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். "பதினாலுதான், அண்ணி. ஒரு சிப்பம் அரிசிகூட இல்ல. பயப்படாதீங்க," என்றாள். வளையம் கல்லாகிப் போயிருந்தது. இழுத்தால் வால்வு உடைந்துவிடும். மெக்கானிக் மெழுகுக் கத்தியை வாங்கி, வளையத்தின் முதுகில் வெட்டு போட்டார்.

வளையம் பிளந்ததும் தாயின் குரல் விட்ட இடத்திலிருந்து எழுந்தது. அதே கணத்தில் பல்செட்காரியின் கைகளில் பாரம் விழுந்தது. அவள் மடங்கி உட்கார்ந்துவிட்டாள். நாத்தனார் தாங்கிக்கொண்டாள். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. மடியில் சூடு இருந்தது. நெஞ்சுக்கூடு ஒன்று அவள் வயிற்றோடு ஒட்டிப் படபடவென்று அடித்துக்கொண்டது. எண்ணெய் தேய்த்த தலையின் வாசனை வந்தது. முன்னறையில் வால்வு ஒருமுறை பளிச்சென்று எரிந்து அணைந்தது. ஸ்பீக்கர் செத்துவிட்டது. ஆனாலும் மேலே படிகளில் இழுபடுகிற கால் இறங்கி வருவது கேட்டது. இப்போது அது காதுக்கே நேராகக் கேட்டது. அவள் உட்கார்ந்திருந்த படிக்கு அடுத்த படியில் வந்து நின்றது. வேகமாக மூச்சு வாங்குகிற சத்தம். பல்செட்காரி கைகளைத் தளர்த்தினாள். பாரம் உடனே எழும்பவில்லை. அது இவள் கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்தது. பிறகு மெல்ல விடுவிக்கப்பட்டது. கொப்பளித்து ஆறிய அவள் விரல்களை ஒரு கை பிடித்துப் பார்த்துவிட்டு விட்டது.

அன்று சாயங்காலம் மேல்வீட்டுக்காரி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு முழுப் படியும் இறங்கினாள். வாசல் தாழ்ப்பாள் தானாக விலகியது. இருட்டுவதற்குள் திரும்பி வந்தார்கள். மறுநாளிலிருந்து அது தினசரி நடப்பானது. தெருவில் ஆட்கள் முதலில் ஒதுங்கி வழிவிட்டார்கள், அப்புறம் அதுவும் மறந்துபோய், இடித்துக்கொண்டால் பார்த்து வாங்கம்மா என்றார்கள். மெக்கானிக் புது வால்வு போட்டார். அதில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. வளையமே தேவைப்படவில்லை. பாட்டு கேட்கும் நேரங்களில் அவருக்குப் பக்கத்தில் பாய் ஓரம் லேசாக அழுங்கியிருக்கும். அவர் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைப்பார். நாத்தனார் படியில் கால் விழுவதைக் கேட்டுவிட்டு, பதினெட்டு ஆச்சு, இருபத்திரண்டு ஆச்சு என்று வருஷாவருஷம் சொன்னாள்.

அந்தப் பிள்ளைக்குப் பல்செட்காரியின் மேஜை பிடித்துப்போனது. ஒருநாள் குழைத்து வைத்த அச்சு மாவை அவள் வந்து எடுத்தபோது அது கடிபட்டிருந்தது. திட்டுவதற்கு ஆள் தெரியவில்லை. கடித்த பள்ளத்தில் பிளாஸ்டரை ஊற்றி, இறுகியதும் உரித்தாள். சின்னச் சின்னப் பற்கள், முன்னால் ஒன்று இல்லை. மேல்வீட்டாரில் ஒருவரின் உடம்பில் எதையாவது அவள் பார்த்தது அதுதான் முதல்முறை. அதன் பிறகு வேண்டுமென்றே ஓரத்தில் ஓர் உருண்டை மாவு வைப்பாள், அது கடிபடும். பால்பல் விழுந்ததும், புதுப்பல் கோணலாக முளைத்ததும், அது நேரானதும் அலமாரியில் வரிசையாக நின்றன.

பிள்ளை வளர்ந்து வேலைக்குப் போக ஆரம்பித்த பிறகு, ஒரு காலையில் மாவில் வேறு கடி இருந்தது. அம்மாக்காரியுடைய பெரிய தாடை, கடைவாய்ப் பற்கள் இரண்டு பக்கமும் இல்லை, மிச்சம் இருந்தவையும் தேய்ந்திருந்தன. பல்செட்காரி அதை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். டாக்டர் அனுப்புகிற அச்சுகளைவிடச் சுத்தமாக இருந்தது. கையில் இருந்த மற்ற வேலைகளைத் தள்ளி வைத்துவிட்டு மெழுகு உருக்கினாள். ஈறின் நிறத்துக்கு எதைப் பார்த்துச் செய்வது என்று தெரியாமல், தன்னுடையதைக் கண்ணாடியில் பார்த்துச் செய்தாள். முடிந்ததும் ஒரு கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி, செட்டை அதில் போட்டு, மேல்வீட்டாரின் பாதிப் படி தொடங்குகிற இடத்தில் வைத்தாள்.

கிண்ணம் மறுநாள் காலி. அதற்கடுத்த நாள் செட் திரும்பி வந்திருந்தது, வலது பக்கம் கீழே விளிம்பில் மையால் இழுத்த ஒரு சின்னக் கோட்டோடு.

"என்ன அண்ணி, பிடிக்கலையாமா?" என்றாள் நாத்தனார்.

"உறுத்துதாம். முதல் தடவை எல்லாருக்கும் அங்கதான் உறுத்தும்," என்றாள் பல்செட்காரி. அந்த இடத்தை மட்டும் லேசாகத் தேய்த்து, வழவழப்பாக்கி, கழுவிக் கொண்டுபோய் வைத்தாள். அதற்கப்புறம் அது திரும்பி வரவில்லை.